விண்மீன்களின் ஒளியை அளந்த அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி

வானத்தை நோக்கி வியப்பது மனித இயல்பு. வியந்ததோடு நில்லாமல் அதனை எண்ணிப் பார்த்து, அளந்து பார்த்து, கண்டதை ஏட்டில் எழுதி வைப்பது அறிவியலின் தொடக்கம். நிலத்திலும் கடலிலும் வழி காட்டுவனவாக விண்மீன்களைத் திருக்குர்ஆன் குறிப்பிடுகிறது. ஷிஃரா என்னும் விண்மீனைப் பெயர் சொல்லியே அது சுட்டுகிறது. தொழுகை நேரங்களையும் கிப்லாவின் திசையையும் பிறை தோன்றும் நாளையும் கணிக்க வேண்டிய தேவை, இஸ்லாமிய உலகில் வானியலை அறிஞர் சிலரின் விருப்பமாக மட்டும் விட்டுவிடாமல் சமுதாயத்தின் தேவையாகவே ஆக்கிற்று. அவ்வாறு வளர்ந்த வானியலில் அல்பத்தானீ, அல்பீரூனி, நஸீருத்தீன் தூஸீ, உலூக் பேக் ஆகியோரின் பெயர்கள் நம் மாணவர்களுக்கு ஓரளவு அறிமுகமானவை. அவர்களுக்கு நிகரான பெருமையுடையவராயினும் அவர்களைப் போல் அடிக்கடி பேசப்படாதவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி ஆவார். வெறும் கண்ணால் காணத்தக்க விண்மீன்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளியுடையது என்பதைத் தாமே நோக்கி மதிப்பிட்டு எழுதி வைத்த பெருந்தகை அவர். ஒரு விண்மீனின் ஒளி காலப்போக்கில் மாறுகின்றதா, மாறாமல் நிற்கின்றதா என்னும் இன்றைய வினாவிற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சான்று தேவைப்படும் போதெல்லாம் அறிஞர்கள் அவருடைய ஏட்டையே புரட்டுகின்றனர். அவருடைய வாழ்வையும் பணியையும் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் சூழலும்

அபுல் ஹுஸைன் அப்துர் ரஹ்மான் இப்னு உமர் அஸ்ஸூஃபி ஹிஜ்ரி 291ஆம் ஆண்டு முஹர்ரம் மாதம் 14ஆம் நாள், அதாவது கி.பி. 903 டிசம்பர் 7ஆம் நாள், பாரசீகத்தின் ரய் நகரில் பிறந்தார். இன்றைய ஈரானின் தலைநகரான தெஹ்ரானை ஒட்டி அமைந்த பழம்பெரும் நகரம் அது. அவர் பிறந்த காலத்தில் பாக்தாதில் அப்பாஸிய கலீஃபாக்களின் ஆட்சி நிலைத்திருந்தது. ஆனால் அதிகாரம் மெல்ல மெல்ல வட்டார அரச மரபுகளின் கைக்கு மாறிக்கொண்டிருந்தது. பத்தாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பாரசீகத்தின் பெரும்பகுதியும் ஈராக்கும் புவைஹியர் என்னும் மரபினரின் ஆட்சிக்குள் வந்தன. அரசியல் ஒற்றுமை குலைந்த காலமாயினும் அறிவுத் துறைக்கு அது வளமான காலமாகவே விளங்கிற்று. ஒவ்வோர் அரசவையும் தன்னிடம் சிறந்த புலவரும் மருத்துவரும் வானியலாரும் இருக்க வேண்டுமென விரும்பியதால் அறிஞர்களுக்கு ஆதரவு தரும் இடங்கள் பலவாயின.

இதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே கிரேக்க நூல்கள் பலவும் அரபு மொழிக்கு வந்து சேர்ந்திருந்தன. அவற்றுள் தலையாயது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி இயற்றிய பெருநூல். அரபியர் அதனை அல்மஜிஸ்தீ என்றனர். நாற்பத்தெட்டு விண்மீன் குழுக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடமும் ஒளித்தரமும் அதில் பட்டியலிடப்பட்டிருந்தன. எண்ணூறு ஆண்டுகளாக அதுவே வானியலாரின் கையேடு. அந்நூலின் மீது அறிஞர்களுக்கு இருந்த மதிப்பு மிகப் பெரிது. அம்மதிப்பின் காரணமாகவே அதிலுள்ள எண்களை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முனைந்தோர் மிகச் சிலராக இருந்தனர்.

தீனவர் நகரில் ஒரு வீடு

அஸ்ஸூஃபியின் இளமைக் கல்வியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகள் மிகக் குறைவு. ஆயினும் அவர் தம் நூலின் முன்னுரையில் தந்துள்ள குறிப்புகளிலிருந்து அவருடைய மனப்போக்கை நன்கு அறிந்துகொள்ளலாம். ஹிஜ்ரி 335ஆம் ஆண்டில் (கி.பி. 946-47) அவர் புவைஹிய அமைச்சரும் பேரறிஞருமான அபுல் ஃபள்ல் இப்னுல் அமீதுடன் தீனவர் நகருக்குச் சென்றார். அங்கே அபூஹனீஃபா தீனவரீ வாழ்ந்த வீட்டில் தங்கினார். இவர் ஃபிக்ஹுக் கலையின் தலைவரான இமாம் அபூஹனீஃபா அல்லர். தாவரங்களைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதியவரும், அரபியரின் மரபு வழி வானறிவைத் தொகுத்தவருமான ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர். அவ்வீட்டின் மேல்தளத்தில் நின்று தீனவரீ பல ஆண்டுகள் விண்மீன்களை நோக்கி வந்தார் என்று ஊரார் பெருமையுடன் கூறினர்.

அஸ்ஸூஃபி அதனைக் கேட்டு அவ்வண்ணமே நம்பிவிடவில்லை. தீனவரீயின் நூலை ஆராய்ந்தார். பல இடங்களில் அது நேரில் கண்டதை எழுதாமல் முன்னோர் நூல்களிலிருந்து எடுத்தெழுதியதாகவே இருப்பதைக் கண்டார். மேல்தளத்தில் நின்றவர் உண்மையிலேயே வானத்தைப் பார்த்தாரா, ஏட்டைப் பார்த்தாரா என்னும் இந்த வினாவே அஸ்ஸூஃபியின் வாழ்நாள் பணியைத் தூண்டிய வினா எனலாம்.

அவர் காலத்தில் விண்மீன் அறிவைத் தேடியவர்களை அவர் இரு வகையினராகப் பிரித்துக் காட்டுகிறார். ஒரு சாரார் வானியல் நூல்களைப் பின்பற்றுவோர். இவர்கள் வானுருண்டைகளை நம்பினர். அவ்வுருண்டைகளைச் செய்த கைவினைஞரோ வானத்து விண்மீனை அறியாதவர்கள். நூலில் உள்ள எண்களைக் கொண்டு புள்ளியிட்டவர்கள். எண் தவறினால் புள்ளியும் தவறியது. மற்றொரு சாரார் பாலைவன அரபியரின் மரபைப் பின்பற்றி, சந்திரனின் இருபத்தெட்டு மன்ஸில்களைக் கொண்டு பருவங்களை அறிந்தோர். இவர்களும் பெரும்பாலும் இத்துறை நூல்களையே சார்ந்து நின்றனர். இரு சாராரும் ஒரே விண்மீனை வெவ்வேறு பெயரால் அழைத்தனர். எந்தப் பெயர் எந்த விண்மீனுக்குரியது என்பதிலேயே குழப்பம் மிகுந்திருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க ஒரே வழி வானத்தையே சான்றாகக் கொள்வதுதான் என்று அஸ்ஸூஃபி முடிவு செய்தார்.

அரசரும் ஆசிரியரும்

அஸ்ஸூஃபியின் பணிக்கு ஆதரவாக நின்றவர் புவைஹிய மன்னர் அளுதுத் தௌலா. கி.பி. 936இல் பிறந்த இம்மன்னர் அஸ்ஸூஃபியை விட முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இளையவர். ஷீராஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு பாரசீகத்தின் தென்பகுதியை ஆண்ட அவர், பின்னர் பாக்தாதையும் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தார். பாக்தாதில் அவர் நிறுவிய மருத்துவமனை வரலாற்றுப் புகழ் உடையது. அறிஞர்களோடு அமர்ந்து பாடம் கேட்பதை அவர் பெருமையாகக் கருதினார். இலக்கணத்தில் தம் ஆசிரியர் அபூஅலீ அல்ஃபாரிஸீ என்றும், நிலை விண்மீன்களைப் பற்றிய அறிவில் தம் ஆசிரியர் அஸ்ஸூஃபி என்றும் மன்னர் பெருமிதத்துடன் கூறிக்கொண்டதை வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ பதிவு செய்துள்ளார்.

இம்மன்னரின் ஆதரவில் அஸ்ஸூஃபி ஷீராஸில் பெரிய வளையக் கருவி ஒன்றைக் கொண்டு கதிரவனின் நண்பகல் உயரத்தை அளந்து, கோடைத் திருப்பத்தையும் குளிர்காலத் திருப்பத்தையும் ஆராய்ந்தார். கி.பி. 969-970 ஆண்டுகளில் நிகழ்ந்த இவ்வாய்வை அல்பீரூனி குறிப்பிடுகிறார். உஸ்துர்லாப் என்னும் வானியல் கருவியின் பயன்பாட்டைப் பற்றியும் அஸ்ஸூஃபி நூல் எழுதினார். மன்னருக்காக அவர் வெள்ளியில் செய்த வானுருண்டை ஒன்று, அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கும் பின்னர், ஹிஜ்ரி 435இல், கெய்ரோ நூலகத்தில் இருந்ததைக் கண்டவர் உண்டு. அதன் எடை 3000 திர்ஹம் என்று சொல்லப்படுகிறது. அவ்வுருண்டை இன்று நம்மிடம் இல்லை. ஆனால் அதனினும் விலைமதிப்புடைய ஒன்று நிலைத்திருக்கிறது. அதுவே அவருடைய நூல்.

நிலை விண்மீன்களின் நூல்

ஏறத்தாழ கி.பி. 964இல், தம் அறுபத்தோராம் அகவை அளவில், அஸ்ஸூஃபி இந்நூலை நிறைவு செய்து மன்னருக்குக் காணிக்கையாக்கினார். நிலை விண்மீன்களின் உருவங்கள் என்னும் பொருளில் அது சுவருல் கவாகிபிஸ் ஸாபிதா என்று பெயர் பெற்றது. வடபுலத்தில் 21, இராசி மண்டலத்தில் 12, தென்புலத்தில் 15 என நாற்பத்தெட்டு விண்மீன் குழுக்களையும் தனித்தனி இயல்களாக அது விளக்குகிறது. ஒவ்வோர் இயலிலும் முதலில் விண்மீன்கள் ஒவ்வொன்றின் இடமும் ஒளியும் உரைநடையில் கூறப்படும். அடுத்து அவற்றுக்கு அரபியர் வழங்கிய பெயர்கள் தரப்படும். அதன்பின் படங்களும், இறுதியில் அட்டவணையும் அமையும்.

படங்கள் இரண்டிரண்டாக உள்ளன. வானுருண்டையை நாம் வெளியிலிருந்து காண்கிறோம். வானத்தையோ உள்ளிருந்து காண்கிறோம். ஆகவே உருண்டையில் வலப்புறம் இருப்பது வானத்தில் இடப்புறமாகத் தோன்றும். கற்போர் இதனால் தடுமாறுவர் என்பதை உணர்ந்த அஸ்ஸூஃபி, வானத்தில் காணுமாறு ஒன்றும், உருண்டையில் காணுமாறு ஒன்றும் என இரு படங்களை வரைந்து தந்தார். மெல்லிய தாளை உருண்டையின் மேல் வைத்து அவர் இவ்வுருவங்களைப் படியெடுத்தார் என அல்பீரூனி எழுதுகிறார். மாணவரின் இடர்ப்பாட்டை முன்னறிந்து எழுதும் நல்லாசிரியரின் இயல்பு இதில் விளங்குகிறது.

அரபுப் பெயர்களைத் தாலமியின் விண்மீன்களோடு பொருத்திக் காட்டிய பணியும் சிறப்புடையது. நாம் ரோகிணி என்பதை அரபியர் அத்தபரான் என்றனர். நம் திருவாதிரை அவர்களுக்கு யதுல் ஜவ்ஸா. திருவோணம் அவர்களுக்கு அந்நஸ்ருத் தாஇர், அதாவது பறக்கும் கழுகு. அல்டெபரான், பெடல்ஜியூஸ், அல்டேர் என உலகம் முழுதும் இன்று வழங்கும் பெயர்கள் இவற்றின் திரிபுகளே. நாம் அருந்ததி என்று போற்றும் சிறு மீனை அரபியர் ஸுஹா என்றனர். அதனைக் கொண்டு மக்கள் தம் கண் கூர்மையைச் சோதித்துக்கொள்வர் என்று அஸ்ஸூஃபி குறிப்பிடுகிறார்.

ஒளித்தரம் கண்ட முறை

விண்மீன்களை அவற்றின் ஒளியைக் கொண்டு ஆறு தரங்களாகப் பகுப்பது பண்டைய கிரேக்கர் முறை. மிக்க ஒளியுடையவை முதல் தரம். கண்ணுக்கு அரிதாகத் தெரிபவை ஆறாம் தரம். அஸ்ஸூஃபி இம்முறையை ஏற்றுக்கொண்டார். ஆனால் தாலமி தந்த தரங்களை அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொரு விண்மீனையும் தாமே நோக்கினார். தாலமி மூன்றாம் தரம் என்றதை, இல்லை, இது நான்காம் தரத்தது என்று எழுத அவர் தயங்கவில்லை. ஆறு தரங்கள் போதாவென்று கண்டு, ஒரே தரத்துக்குள் பெரியது, சிறியது என மேலும் நுண்ணிய படிகளைச் சீராகக் கையாண்டார். மூன்றாம் தரத்தில் பெரியது என்றால் அது இரண்டாம் தரத்தை நெருங்குவது. மூன்றாம் தரத்தில் சிறியது என்றால் அது நான்காம் தரத்தை நெருங்குவது.

தொலைநோக்கியோ ஒளிமானியோ இல்லாத காலத்தில் இது எளிய பணியன்று. ஒரு விண்மீன் தொடுவானத்தை நெருங்கும்போது அதன் ஒளி தடித்த காற்றுப் படலத்தின் வழியே வருவதால் மங்கித் தோன்றும். நிலவொளி உள்ள இரவில் நான்காம் தர மீனும் மறைந்துபோகும். செந்நிற மீனைக் கண் கொட்டாமல் நோக்கினால் அது உள்ளதினும் ஒளி மிக்கதாகத் தோன்றும். ஆகவே இன்றைய நோக்காளருக்கு விதிகள் உண்டு. ஆராயும் மீனை விடச் சற்று ஒளி மிக்கது ஒன்று, சற்று ஒளி குறைந்தது ஒன்று என இரு துணைமீன்களைத் தேர்ந்து, மூன்றும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும் போது ஒப்பிட வேண்டும். எண்ணற்ற இரவுகளின் பொறுமையைக் கோரும் பணி இது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களை அஸ்ஸூஃபி தம் கண்களையன்றி வேறு துணையின்றி மதிப்பிட்டார்.

அவருடைய மதிப்பீடு எவ்வளவு நம்பத்தக்கது என்பதை இக்காலத்தவர் சோதித்துப் பார்த்துள்ளனர். 2004இல் ஜப்பானிய ஆய்வாளர் சிலர், தாலமி, அஸ்ஸூஃபி, உலூக் பேக், டைக்கோ பிராகே முதலியோரின் ஏழு பழம் பட்டியல்களை இன்றைய கருவிகள் தரும் அளவுகளோடு ஒப்பிட்டனர். வேறுபாடு பொதுவாக அரைத் தர அளவில் அடங்குவதைக் கண்டனர்.

ஏற்றதும் மறுத்ததும்

அறிஞரின் புகழைக் கூறும்போது அவருடைய எல்லைகளையும் கூறுவதே நேர்மை. அஸ்ஸூஃபி ஒளித்தரங்களைப் புதிதாக மதிப்பிட்டாரேயன்றி, விண்மீன்களின் இருப்பிடங்களைப் புதிதாக அளக்கவில்லை. தாலமி தந்த நெட்டாங்குகளோடு 12 பாகை 42 கலையைக் கூட்டி அட்டவணையில் இட்டார். புவியின் அச்சு மெல்லச் சுழல்வதால் விண்மீன்களின் நெட்டாங்கு காலப்போக்கில் கூடுகிறது. தாலமி இதனை நூறாண்டுக்கு ஒரு பாகை என்றார். கலீஃபா மஃமூனின் காலத்து அறிஞர்கள் 66 ஆண்டுகளுக்கு ஒரு பாகை எனக் கண்டனர். அஸ்ஸூஃபி பின்னதை மேற்கொண்டார். உண்மை அளவு ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை. ஆகவே தாலமியின் இருப்பிடப் பிழைகள் அஸ்ஸூஃபியின் அட்டவணையிலும் தங்கிவிட்டன. இருப்பினும் எங்கே தம் கண் கண்டது தாலமியின் எண்ணோடு பொருந்தவில்லையோ அங்கே அதனை உரைநடைப் பகுதியில் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார்.

மறுத்துக் கூறாமலே அவர் உணர்த்திய செய்தியும் உண்டு. ஷிஃரா விண்மீனைத் தாலமி செந்நிறமுடையது என்றார். இன்று அது நீலம் சார்ந்த வெண்மையாக ஒளிர்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குள் அதன் நிறம் மாறிவிட்டதா என்று அறிஞர் பலர் வாதிட்டனர். அஸ்ஸூஃபி செந்நிற மீன்களைக் குறிப்பிடும் வழக்கமுடையவர். ஆனால் ஷிஃராவைச் சிவப்பு என்று அவர் கூறவில்லை. அவர் காலத்திலேயே அது இன்றுள்ளவாறு வெண்மையாக இருந்தது என்பதற்கு இதனை ஒரு சான்றாகக் கொள்கின்றனர்.

சிறு மேகம்

அந்திரோமேதா விண்மீன் குழுவை விளக்கும் இடத்தில், அரபியர் மீன் உருவமாகக் கண்ட பகுதியின் வாயருகே சிறு மேகம் போன்ற ஒன்று உள்ளதென அஸ்ஸூஃபி எழுதினார். இன்று கிடைக்கும் நூல்களுள் அந்திரோமேதா நெபுலாவைக் குறிக்கும் முதல் பதிவு இதுவே. ஐரோப்பாவில் 1612இல் சைமன் மாரியஸ் தொலைநோக்கியின் வழியே அதனைக் கண்டு எழுதும் வரை ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேல் இடைவெளி இருந்தது.

அம்மேகத்தின் உண்மை இயல்பு வெளிப்பட்ட வரலாறு நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. சில விண்மீன்கள் ஒழுங்கான கால இடைவெளியில் ஒளி கூடியும் குறைந்தும் மாறுகின்றன. அவ்வகையில் ஒன்றான செபீட் மீன்களின் மாறுகாலத்திற்கும் உண்மை ஒளிக்கும் தொடர்பு உண்டென்று ஹென்ரியட்டா லீவிட் அம்மையார் 1912இல் காட்டினார். 1923இல் எட்வின் ஹப்பிள் அந்திரோமேதா மேகத்தினுள் அத்தகைய மீன் ஒன்றைக் கண்டுபிடித்து அதன் ஒளி மாற்றத்தை அளந்தார். அதனால் அது நம் பால்வீதிக்கு அப்பால் உள்ள தனியொரு விண்மீன் பேரமைப்பு என்பது உறுதியாயிற்று. அதன் தொலைவு ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுகள் என்பது இன்றைய கணக்கு. அஸ்ஸூஃபி ஒரு சொல்லால் குறித்து வைத்த மேகத்தின் மறைபொருளை, விண்மீனின் ஒளியை அளக்கும் அதே கலை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் விடுவித்தது.

மாறும் ஒளி

அஸ்ஸூஃபி மாறொளி விண்மீன்களைக் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவதுண்டு. அது மிகைக் கூற்று. பெர்சியஸ் குழுவில் உள்ள அல்கோல் என்னும் மீன் ஏறத்தாழ 2 நாள் 20 மணி 49 நிமிடத்திற்கு ஒரு முறை மங்கி மீளும். அதன் அரபுப் பெயர் ரஃஸுல் கூல், அதாவது பூதத்தின் தலை. அரபியர் அதன் மாற்றத்தை அறிந்தே அவ்வாறு பெயரிட்டனர் என்று கூறுவோர் உளர். ஆனால் அப்பெயர் கிரேக்கக் கதையில் வரும் மெதூசாவின் தலையை ஒட்டி அமைந்தது. அஸ்ஸூஃபியும் அம்மீனின் ஒளி மாறுவதாக எங்கும் எழுதவில்லை. 1596இல் ஃபப்ரீசியஸ் மீரா என்னும் மீனின் மாற்றத்தைக் கண்டார். அல்கோலின் மாறுகாலத்தை 1783இல் ஜான் குட்ரிக் என்னும் செவிப்புலனற்ற இளைஞர் தம் இருபது வயது நிரம்புவதற்கு முன்னரே கணித்தார். இல்லாத பெருமையை நம் முன்னோர் மேல் ஏற்றத் தேவையில்லை. உள்ள பெருமையே போதுமானது.

அப்பெருமை யாது? ஒருவர் ஒரு முறை அளந்து ஒரு மீனின் நீண்டகால மாற்றத்தைக் கண்டுவிட முடியாது. இரு காலத்து அளவுகள் வேண்டும். அவ்விரண்டும் ஒன்றையொன்று சாராதனவாக இருத்தல் வேண்டும். அஸ்ஸூஃபி தாலமியின் ஒளித்தரங்களைப் பார்த்து எழுதியிருந்தால், எண்ணூறு ஆண்டுகளில் எம்மீனும் மாறவில்லை என்னும் பொய்ச் சான்று நமக்குக் கிடைத்திருக்கும். தம் கண்ணால் கண்டு எழுதியதனால்தான் அது மெய்ச் சான்றாயிற்று.

இதனை விளக்க இரண்டு மீன்கள் போதும். முதலாவது சிங்கத்தின் வாலில் உள்ள உத்தரம் என்னும் மீன். தாலமி அதனை முதல் தரம் என்றார். அஸ்ஸூஃபியும் அவ்வாறே எழுதினார். இன்று அதன் ஒளித்தரம் 2.1. இரண்டாவது எரிதானஸ் என்னும் ஆற்று வடிவக் குழுவின் இறுதியில் உள்ளதால் ஆகிருந் நஹ்ர் எனப்பட்ட மீன். இருவரும் முதல் தரம் என்றனர். இன்று அகமார் என வழங்கும் அது 2.9 தரத்தளவில் உள்ளது. முதல் மீனின் வேறுபாடு மதிப்பீட்டுப் பிழைக்குள் அடங்கலாம். இரண்டாவதன் வேறுபாடு பெரிது. அம்மீன் உண்மையிலேயே மங்கியதா என்று ஆய்வாளர் பலர் வினவினர். மேலும் தெற்கேயுள்ள அகெர்னார் என்னும் பேரொளி மீனைப் பற்றிக் கடலோடிகள் கூறிய செய்தி இதனோடு கலந்துவிட்டதா என்று வேறு சிலர் ஐயுற்றனர். அகெர்னார் அலெக்சாந்திரியாவிலோ ஷீராஸிலோ அக்காலத்தில் தொடுவானத்திற்கு மேல் எழுவதில்லை. இவ்வினா முற்றிலும் தீர்ந்ததாகக் கொள்ள இயலவில்லை.

பேரொளி மீன்களும் மாறக்கூடும் என்பதை அண்மைக் காலம் நேரில் காட்டிற்று. திருவாதிரை மீனின் ஒளி மாறுவதை 1836இல் ஜான் ஹெர்ஷல் கண்டார். 2019ஆம் ஆண்டின் இறுதியில் அது வழக்கத்திற்கு மாறாக மங்கத் தொடங்கிற்று. 2020 பிப்ரவரியில் ஏறத்தாழ 1.6 தரத்துக்கு இறங்கி, வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்களவே வீசிற்று. பின் சில மாதங்களில் மீண்டது. அம்மீன் வெளியேற்றிய வளிமம் குளிர்ந்து துகள்படலமாகி ஒளியை மறைத்ததே பெருங்காரணம் என ஆய்வாளர் விளக்கினர். இதனைக் கண்காணித்தோருள் வெறும் கண்ணால் ஒப்பிட்டு மதிப்பிட்ட ஆர்வலரும் பலர். அஸ்ஸூஃபி கையாண்ட கருவியும் அதுவே அன்றோ!

நூலின் பயணம்

ஹிஜ்ரி 376 முஹர்ரம் 13ஆம் நாள், அதாவது கி.பி. 986 மே 25ஆம் நாள், ஷீராஸில் அஸ்ஸூஃபி மறைந்தார். ஆனால் அவருடைய நூல் நெடும்பயணம் மேற்கொண்டது. அல்பீரூனி தம் கானூனுல் மஸ்ஊதீ நூலின் விண்மீன் அட்டவணையில் தாலமி கூறிய ஒளித்தரத்தையும் அஸ்ஸூஃபி கூறிய ஒளித்தரத்தையும் அருகருகே தந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நஸீருத்தீன் தூஸீ அதனைப் பாரசீகத்தில் பெயர்த்தார். சமர்க்கந்தின் மன்னரும் வானியலாருமான உலூக் பேக் தம்மிடம் அதன் படியொன்றை வைத்திருந்தார். 1437இல் நிறைவுற்ற தம் பட்டியலில், சமர்க்கந்திலிருந்து காண இயலாத தென்புல மீன்கள் 27ஐ அஸ்ஸூஃபியிடமிருந்தே எடுத்துக்கொண்டார். ஐரோப்பியர் அவரை அஸோஃபி என்றழைத்தனர். நிலவின் கிண்ணக்குழி ஒன்று அப்பெயர் தாங்கி நிற்கிறது. 1874இல் டேனிஷ் அறிஞர் ஷெல்லரப் அந்நூலைப் பிரெஞ்சில் பெயர்த்து வெளியிட்டார். நம் நாட்டிலும் ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம் 1954இல் அதன் அரபு மூலத்தை அச்சிட்டு உலகிற்கு வழங்கியது.

இத்துறைக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பண்டைய ஆறு தரங்களுக்கு இன்றைய துல்லியமான கணக்கை வகுத்தவர் நார்மன் போக்சன். ஐந்து தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம் என்று 1856இல் அவர் அமைத்த அளவுகோலே இன்றும் வழங்குகிறது. அவர் 1861 முதல் 1891இல் மறையும் வரை சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவராக இருந்தார். அந்நிலையத்திலேயே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் தென்வானத்தின் ரெட்டிகுலம் குழுவில் மாறொளி மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஷீராஸில் ஏட்டில் எழுதப்பட்ட பெரியது, சிறியது என்னும் சொற்களும், நுங்கம்பாக்கத்தில் பதிவான எண்களும் ஒரே நெடுந்தொடரின் கண்ணிகளாகும்.

நிறைவுரை

அஸ்ஸூஃபியின் வாழ்வு நமக்குத் தரும் படிப்பினை தெளிவானது. அவர் தாலமியை இகழவில்லை. தீனவரீயைப் பழிக்கவில்லை. இருவரிடமும் கற்றார். கற்றதை வானத்தோடு ஒப்பிட்டார். ஒத்ததை ஏற்றார். ஒவ்வாததை ஒவ்வாததென எழுதினார். முன்னோரை மதிப்பது என்பது அவர்கள் சொன்னதைத் திரும்பச் சொல்வதோடு முடிவதன்று. அவர்கள் நோக்கிய திசையில் நாமும் நின்று நோக்குவதே உண்மையான மதிப்பு. நம் சமுதாயத்தின் பழம்பெருமையை மேடைகளில் பேசுகின்றோம். பேசுவது நன்றே. ஆயினும் அஸ்ஸூஃபியின் பெயரைப் பெருமைக்காகச் சொல்லிவிட்டு அவருடைய பழக்கத்தைக் கைவிட்டோமானால், ஏட்டை மட்டும் நம்பிப் புள்ளியிட்ட உருண்டைக் கைவினைஞரின் நிலையே நமக்கும் வாய்க்கும்.

மாணவச் செல்வங்கள் இதற்குப் பெரிய ஆய்வுக்கூடத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மார்கழி, தை மாத இரவுகளில் கிழக்கு வானில் திருவாதிரையும் ரோகிணியும் ஒருசேர விளங்குகின்றன. அவற்றின் ஒளியை ஒப்பிட்டு, நாளும் நேரமும் குறித்து, ஓர் ஏட்டில் எழுதி வரலாம். திங்கள் தோறும், ஆண்டு தோறும் எழுதி வரலாம். கண்டதை மட்டும் எழுத வேண்டும். காணாததை எழுதாதிருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஷீராஸில் வாழ்ந்த அம்முதியவர் கைக்கொண்ட நெறி இவ்வளவே. இந்நெறியில் நின்று எழுதப்படும் ஏடு, எழுதியவர் மறைந்த பின்னும் பின்வருவோர்க்குச் சான்றாக நிற்கும்.